விடுகிற சத்தம்

மெக்கானிக் பாய் சுத்தியலால் போல்ட்டின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு, நாடி பார்த்த வைத்தியர் உறவுக்காரர்களை வெளியே கூப்பிடும்போது ஒரு முகம் வைத்துக்கொள்வாரே, அந்த முகத்தோடு அப்பா பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு இது வராதுணா. எண்ணெய் குடிக்கட்டும். நாளைக்குப் பாக்கலாம்."

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய எங்கள் ஊரில், வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் அந்தச் சக்கரம் மல்லாந்து கிடந்தது. அப்பாவின் மாஸி 1035 டிராக்டருடைய பின்சக்கரம். 1994-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. அதற்குமுன் அதை வைத்திருந்தவர் எத்தனை வருடம் ஓட்டினார் என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. ரிம் வால்வு பக்கத்தில் அப்பளம்போலப் பொரிந்துவிட்டது. விரலால் அழுத்தினால் ஏடு ஏடாக உதிர்கிறது. புது ரிம் வாங்கியாயிற்று. பழைய ரிம்மை நடுத்தட்டிலிருந்து பிரிக்க வேண்டும். எட்டு போல்ட். அவ்வளவுதான் வேலை.

அந்த 'அவ்வளவுதான்' மூன்று நாளாயிற்று.

டிராக்டர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்சக்கரத்தில் இரண்டு வட்டம் போல்ட் இருக்கும். நடுவில், அச்சோடு சக்கரத்தைப் பிடிக்கிற நட்டுகள் ஒரு வட்டம். வெளியே, நடுத்தட்டையும் ரிம்மையும் பிணைக்கிற போல்ட்டுகள் இன்னொரு வட்டம். நடுவட்டத்து நட்டுகளை பாயின் பையன் கால்மணி நேரத்தில் கழற்றிவிட்டான். பஞ்சர் ஆகும்போதெல்லாம் கழன்று கழன்று பழகியவை அவை. வெளிவட்டம் அப்படியில்லை. யாரும் அதைத் தொட்டதே கிடையாது.

தொடுவதற்காகத்தான் அதை வைத்தார்கள் என்பது வேறு கதை. ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் வடிவமைத்த டிராக்டரின் வழிவந்தது மாஸி. ரிம்மைத் திருப்பிப் போட்டு, தட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான அகலத்தை நான்கு நான்கு அங்குலமாகக் கூட்டலாம், குறைக்கலாம். உருளைக்கிழங்குப் பாருக்கு ஓர் அகலம், சோளத்துக்கு ஓர் அகலம். விவசாயி தானே வயலில் நின்று செய்துகொள்ள வேண்டும் என்பது அந்த மனிதரின் பிடிவாதம். அவருடைய வண்டியோடு வந்த ஸ்பானரின் கைப்பிடியில் அங்குலக் கோடுகள் பொறித்திருக்கும். திருக்கவும் அதுதான், கலப்பையின் இடைவெளி அளக்கவும் அதுதான். 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கி மாஸி இங்கே உருவாகத் தொடங்கியபோது அந்த எட்டு போல்ட்டும் கூடவே வந்தன. நெல்லும் கரும்பும் போடுகிற எங்கள் பக்கத்தில் எவன் அகலம் மாற்றினான்? ஷோரூமிலிருந்து எந்த அகலத்தில் வந்ததோ அதே அகலத்தில் வண்டி கிழமாகிறது. கழற்றுவதற்கென்றே செய்த போல்ட் முப்பது வருடம் கழலாமல் இருந்தால் அது போல்ட்டாக இருப்பதை விட்டுவிடுகிறது. ஆணிக்கும் வெல்டிங்குக்கும் நடுவில் வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது.

*

'மரை கழண்டவன்' என்று தமிழில் வைகிறோம். 'நட்டு லூசு' என்றாலும் அதே பொருள்தான். கழல்வது என்றாலே புத்தி பேதலிப்பது. பட்டறையில் இந்தச் சொல்லுக்கு நேர்மாறான மரியாதை. "கழண்டுச்சா?" என்று கேட்கும்போது பையன்களின் குரலில் பரீட்சை முடிவு கேட்கிற ஆவல் இருக்கும்.

இறுக்கம் என்பதைப் பற்றி எனக்கு ஒரு தவறான நினைப்பு இருந்தது. நட்டைத் திருக்கத் திருக்க அது தகட்டை அமுக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான் என்று. உண்மையில் போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் பிடிப்பு. நாம் ஸ்பானரில் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுப்புக்குப் போகும். மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரைக்குள்ளும் உரசலில் தீர்ந்துவிடும். புது போல்ட்டிலேயே இந்தக் கணக்கு. துரு பிடித்தால்?

இரும்பு துருவாகும்போது பெருக்கிறது. ஒரு மடங்கு இரும்பு, இரண்டு மூன்று மடங்கு இடத்தைக் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் அதற்கு ஏது இடம்? தானே ஆப்பாக இறங்கி இரண்டு பக்கத்தையும் நெருக்குகிறது. ஆகவே சிக்கிக்கொண்ட நட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது முப்பது வருடத்துக்கு முன் எவனோ திருக்கிய பலமல்ல. அந்தப் பலம் எப்போதோ போய்விட்டிருக்கலாம். பிற்பாடு மெல்ல மெல்ல வளர்ந்த ஒன்று, இறுக்கியவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று, அதைப் பிடித்திருக்கிறது.

அதனால் பலத்தைப் பலத்தால் எதிர்ப்பது வீண். அதைவிட மோசம், ஆபத்து. நட்டின் பிடிவாதம் போல்ட்டின் உடல்வலுவைத் தாண்டிவிட்டால், திருக்கும்போது நட்டு விடாது, போல்ட்தான் அறும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கல்லூரி விடுமுறையில் ஒருநாள், இதே வண்டியில், சைலன்சர் ஏறுகிற மேனிஃபோல்டைக் கழற்றப் போனேன். அப்பா ஊரில் இல்லை. மூன்று ஸ்டட் நல்லபடியாக வந்தன. நான்காவது வரவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் செருகி, காலை எஞ்சின்மேல் உதைத்துக்கொண்டு இழுத்தேன். அசையவில்லை, அசையவில்லை, பிறகு வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுத்தது. ஆகா, வந்துவிட்டது என்று ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் இன்னும் கையில் இருக்கிறது. அடுத்த விநாடி பைப்போடு பின்னால் விழுந்தேன். ஸ்டட் தலைமட்டத்தில் அறுந்து எஞ்சினுக்குள் நின்றுவிட்டது.

அன்றைக்கும் பாய்தான் வந்தார். அப்போது அவருக்குத் தாடி நரைக்கவில்லை. திட்டவில்லை. அறுந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் ராடை விட்டு நிரப்பினார். சூடு ஆறும்வரை பீடி குடித்தார். பிறகு அந்த நட்டைப் பிடித்து, இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று ஆட்டி, முழுசாக வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார்.

"நைனா, உடும்போது சத்தம் போடும். கீச்சுன்னு. இல்ல, டக்குன்னு. சத்தம் போட்டா நம்பு. சத்தமே இல்லாம சொகமா திரும்புச்சுன்னா கைய எடுத்துரு. அது வரல. முறுக்கிக்கினு இருக்குது."

வேலூர்ப் பக்கத்தில் பெரியவர்கள் சின்னவர்களைக் கொஞ்சலாக 'நைனா' என்பார்கள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு இப்போது வருடக்கணக்காகிறது.

*

எல்லா ஊரிலும் இரும்பு துருப்பிடிக்கும். எங்கள் ஊர்த் துருவுக்கு மட்டும் விலாசம் உண்டு.

டிராக்டரின் பின்டயருக்குள் காற்று மட்டும் இருக்காது, தண்ணீரும் நிரப்புவார்கள். சேற்றில் சக்கரம் வழுக்காமல் கனம் கொடுக்க. ஒரு டயருக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். டியூபுக்குள்தான் தண்ணீர் என்றாலும், ஒட்டுப் போட்ட இடமும் வால்வு அடியும் கசியாமல் இருக்காது. கசிந்தது டயருக்கும் ரிம்முக்கும் நடுவே வெளியேற வழியின்றித் தங்கிவிடும். அப்பா எங்கள் கிணற்றிலிருந்து நிரப்பினார். கேஜ் வீல் மாட்டிச் சேறடித்த வயலிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். டயரை உரித்து எடுத்தபோது ரிம்மின் உட்புறத்தில் செந்துருவின்மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

உப்பு.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சொல்வழக்காகச் சொல்லவில்லை; அம்மா குக்கரில் எட்டு விசில் விட்டும் வேகாது. சோப்பு நுரைக்காது. குடிக்க, சமைக்க எல்லாம் டேங்கர் தண்ணீர். டேங்கரை இழுத்து வருவதும் டிராக்டர்தான். உழுதுகொண்டிருந்த வண்டிகளில் பாதி இன்றைக்குத் தண்ணீர் இழுக்கிறது.

கிணற்றுக்குள் கடல் எப்படி வந்தது என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் வந்து சேர வேண்டுமென்றால் உப்பில் புரட்ட வேண்டும். தோலின் எடைக்கு 30, 40 சதவீதம் உப்பு. தோல் பதனிடும் எங்கள் பக்கத்து டேனரிகளுக்குள் வந்ததும் முதல் வேலை அதை உதறி, தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்குவது. தோலிலிருந்து இறங்கிய உப்பு எங்கே போகும்? தோலைப் பதப்படுத்தும் குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் என் போல்ட்டைத் தின்றது குரோமியமல்ல, சமையலறையில் இருக்கிற இந்தச் சாதாரண உப்பு. இரும்பின்மேல் படிகிற மெல்லிய காப்பை உடைத்து உள்ளே போவதில் அதற்கு நிகரில்லை.

குரோமியம் இரும்புக்கு நண்பன் என்பதுதான் இதில் வேடிக்கை. இரும்போடு பத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக அதைச் சேர்த்து உருக்கினால் துருவே பிடிக்காது. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தின் ரகசியம் அதுதான். ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் ஆலை விட்டுவிட்டுப் போன கழிவு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டன் மலையாகக் கிடந்து, மழைக்கு மஞ்சளாகக் கசிந்தது. அதே தனிமம், வேறு வடிவம். ஒரே பெயரில் குடமும் விஷமும்.

டேனரி என்றால் ஆதியிலிருந்தே இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. 1970-களில் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்யாதே, முழுப் பொருளாக்கி அனுப்பு என்று அரசு கொள்கை மாற்றிய பிறகு குரோம் முறை பரவியது. அந்தப் பழைய முறையில் இரும்பு என்றால் பயம். பட்டைச்சாறு பட்ட தோலில் ஒரு துருத்துணுக்கு விழுந்தால் போதும், மையைக் கொட்டியதுபோல் கருநீலக் கறை. தோல் விலை போகாது. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். நம் தாத்தாக்கள் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய எழுத்துமையும் இதே சரக்கு.

இதைப் படித்த ஞாபகத்தில், பாய் 'நாளைக்கு' என்று சொல்லிப் போன அன்று ராத்திரி நான் ஒரு சின்ன விளையாட்டுச் செய்தேன். நாட்டுமருந்துக் கடைக் கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, நடுத்தட்டின் ஒரு மூலையில் கம்பித்தூரிகையால் தேய்த்த இடத்தில் பஞ்சால் தடவினேன். காலையில் பார்த்தால் செம்பழுப்பு போய் அந்த இடம் காக்கை நிறமாகிவிட்டிருந்தது. துருவை நிறுத்துவதற்கென்று கடையில் விற்கிற பல திரவங்களிலும் இந்தத் துவர்ப்புச் சத்துதான் வேலை செய்கிறது. பாயிடம் பெருமையாகக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "நல்லாருக்குது" என்றார். "போல்ட்டு வருமா?"

வராது. அது பிடித்த துருவைக் கல்லாக்கும், அவிழ்க்காது.

*

வழக்கைச் சொல்லாமல் இந்தத் தண்ணீரைச் சொல்ல முடியாது. விரிவாகச் சொல்லவும் மனமில்லை. டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் இருக்கிறது. ஈடு எவ்வளவு என்று தீர்மானிக்க ஓர் ஆணையம் வந்தது; 2001-இல் தீர்மானித்தது. அந்தத் தொகையை இன்னும் கிடைக்காதவர்களுக்குக் கொடுத்து முடியுங்கள் என்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்ன தேதி 2025 ஜனவரி 30.

இந்த வழக்கையும் அந்த போல்ட்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதிவிடலாம். கை துறுதுறுக்கிறது. வேண்டாம் என்று விட்டதற்கு ஒரு காரணம் உண்டு: போல்ட்டுக்கு நம்மேல் பகை கிடையாது, லாபமும் கிடையாது. அது உப்பைக் கேட்டு வாங்கவில்லை. விடாமல் இருப்பதால் அதற்கு ஆகப்போவது எதுவுமில்லை.

*

இரண்டாம் நாள் காலை. ராத்திரி முழுக்க எண்ணெய் குடித்திருந்தது. எண்ணெய் என்றால் கடையில் விற்கும் ஸ்பிரே இல்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்த காலத்தில் பாய் அதைத்தான் ஊற்றுவார். இப்போது டீசலும் தின்னரும் கலந்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பழைய பிராந்தி பாட்டிலில் வைத்திருக்கிறார். எவ்வளவு நீர்த்ததோ அவ்வளவு உள்ளே ஏறும்.

முதலில் ஸ்பானர். இருபத்தி நாலாம் நம்பரை எடுத்தேன். பாய் கையைத் தட்டிவிட்டார். இந்த போல்ட் அங்குலக் கணக்கில் செய்தது. தலை பதினாறில் பதினைந்து அங்குலம். இருபத்தி நாலு மில்லிமீட்டர் ஏறக்குறைய அதேதான். அந்த 'ஏறக்குறைய'வில்தான் ஆறு மூலையும் மழுங்கி, போல்ட் தலை உருண்டையாகி, அப்புறம் பிடிக்க இடமில்லாமல் போகும். அவருடைய மரப்பெட்டியில் அடியிலிருந்து ஒரு கறுத்த ரிங் ஸ்பானர் வந்தது. போல்ட் தலையில் வைத்தபோது 'சப்' என்று உட்கார்ந்தது. அந்த ஒலி கேட்டவுடன் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பாய் அதைக் கழற்றும் பக்கம் இழுக்கவில்லை. இறுக்கும் பக்கம் ஒரு தள்ளுத் தள்ளினார். சைக்கிள் இடது பெடலை எந்தப் பக்கம் திருக்குவது என்று தெரியாமல் முழிக்கிற ஆள்கள் உண்டு, அதற்கு மரை எதிர்த்திசை. இவர் அப்படிக் குழம்புகிறவரில்லை. வேண்டுமென்றேதான் இறுக்கினார். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதானே. முப்பது வருடமாகக் கழற்றப் பார்க்கிறவர்களையே எதிர்பார்த்திருந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து போய்த் தொடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. இது என் கற்பனை. பாய் அப்படியெல்லாம் பேச மாட்டார்.

முதல் போல்ட் டக் என்றது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

அப்புறம் கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே. மறுபடி எண்ணெய். மறுபடி கால் சுற்று. வெளியே வந்துகொண்டிருக்கிற போல்ட்டை ஏன் திரும்ப உள்ளே விட வேண்டும்? நான் இருபது வயதில் கேட்டிருப்பேன். உடைந்த துரு தூளாகி மரைக்குள் கிடக்கிறது. ஒரேயடியாக இழுத்தால் அந்தத் தூளே அணைகட்டி மறுபடி பிடித்துக்கொள்ளும். பின்னால் போனால்தான் தூள் உதிர்ந்து வழிவிடும். மூன்று போல்ட் இப்படி வந்தன. ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். வெயில் ஏறியது. அம்மா மோர் கொண்டுவந்தார். பாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "டேங்கர் தண்ணியாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நான்காவது கேட்கவில்லை. பாய் கேஸ் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். டயர் ரிம்மில் இருக்கும்போது நெருப்புக் காட்டக் கூடாது. உள்ளே ரப்பர் வெந்து, காற்று பெருத்து, டயர் குண்டாக வெடிக்கும். அதனால்தான் முதல் நாளே டயரை உரித்தது. கலவையைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினார். போல்ட்டைக் காட்டவில்லை. நட்டு விரிய வேண்டும், போல்ட் விரியக் கூடாது. எவ்வளவு விரியும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்நூறு டிகிரி சூட்டுக்கு அந்தத் துளை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலும். ஒரு தலைமயிரின் கனம். அந்த மயிரிழைக்காக ஒரு மனிதர் உச்சி வெயிலில் நெருப்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார்.

நட்டு லேசாக நீலம் பாரித்ததும் விளக்கைத் தள்ளி வைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து மரையின் வாயில் வைத்தார். மெழுகு உருகி, மரையைச் சுற்றி ஓடி, ஒரு கணம் பளபளத்துவிட்டு, உள்ளே காணாமல் போயிற்று. பூமி மழையைக் குடிப்பதுபோல என்று எழுதத் தோன்றுகிறது. எங்கள் பூமி எதையெல்லாம் குடித்தது என்று நினைத்தால் அந்த உவமை கசக்கிறது.

ஸ்பானரைப் போட்டதும் கீச் என்றது. சின்னக் குழந்தை பொம்மையை அமுக்கின மாதிரி. பாயின் முகத்தில் வந்த சிரிப்பை நான் எந்தக் கச்சேரியிலும் பார்த்ததில்லை.

*

மூன்றாம் நாள் ஏழாவது போல்ட்டில் பாய் ஸ்பானரை என்னிடம் கொடுத்தார். இறுக்கினேன். தளர்த்தினேன். ஏதோ அசைந்தது. சத்தம் இல்லை. கை நின்றுவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அந்த வெண்ணெய் இளக்கம்.

"விடுதா, முறுகுதா?" என்றார் பாய்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் இருக்கிற உணர்ச்சி ஒன்றுதான்; அர்த்தம் இரண்டு. போல்ட் தலையில் சாக்பீஸால் ஒரு கோடும், அதற்கு நேராக மறுபுறம் மரை நீட்டிக்கொண்டிருந்த முனையில் ஒரு கோடும் போட்டார் பாய். "இன்னும் கொஞ்சம் திருப்பு. மெல்ல." தலையில் போட்ட கோடு நகர்ந்தது. முனையில் போட்ட கோடு நகரவில்லை.

முறுகுகிறது.

எழுத உட்கார்ந்தபோது இந்த ஒரு இடத்துக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால் நான் சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு: "சமாளிச்சுட்டாங்க." நெல் போனது, தென்னை வைத்தார்கள். தென்னை குருத்துக் கருகியது, நிலத்தை மனையாக்கினார்கள். பெண்கள் காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். என் சித்தி மகளும் ஏறினாள். அந்தச் சம்பளத்தில் தம்பியை டிப்ளமோ படிக்கவைத்தாள். டேனரி எங்களைக் கெடுத்தது என்று அவள் எதிரே நான் பேச முடியாது. பேசினால், "உங்க வெள்ளாமைல எனக்கு என்ன கூலி குடுத்தீங்க?" என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் டேங்கர் வாங்கினவன் கடனை அடைத்துவிட்டான். சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கிற இயந்திரங்கள் வந்தன. பிரித்தெடுத்த உப்பு எவருக்கும் உதவாமல் மூட்டை மூட்டையாக நிற்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது ஊரே போய் நின்று பார்த்தது. கிணற்று நீர் ஆறு மாதம் இனித்தது. பிறகு பழையபடி.

பெரிய சத்தம் எதுவும் இல்லாமல் எல்லாம் இளகிக் கொடுத்தது. இத்தனை வருடமாக அதை நான் விட்டுக்கொடுத்தல், பழகிக்கொள்ளல், சமாளித்தல் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு இந்தப் பக்கமும் ஒரு கோடு அந்தப் பக்கமும் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பாய் அந்த ஏழாவதோடு அதிகம் மல்லுக்கு நிற்கவில்லை. கிரைண்டரை வைத்து நட்டைப் பிளந்தார். நல்ல மெக்கானிக் என்பவன் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறவன் என்று நான் நினைத்திருந்தேன். இவர் எதை அறுக்கலாம் என்று நேரத்தோடு முடிவெடுத்தார். போல்ட் போனால் முப்பது ரூபாய். நடுத்தட்டு போனால் வண்டி நிற்கும். எட்டாவது, எதற்கோ இரங்கி, வெறும் கையிலேயே வந்துவிட்டது.

புது ரிம்மை மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் விரலால் கிரீஸ் தடவினார். "இது எதுக்கு பாய், இனிமே எவன் கழட்டப் போறான்?" என்றார் அப்பா. பாய் பதில் சொல்லாமல் தடவிக்கொண்டே இருந்தார். எட்டையும் தடவி முடித்துவிட்டு விரலைப் புளியமரத்தில் துடைத்தார்.

டயர் ஏறியது. பையன் வால்வைத் திருகிவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். டேங்கர் வண்டி தெருமுனையில் நின்றிருந்தது. கிணற்று மோட்டார் இந்தப் பக்கம்.

"எந்தத் தண்ணிணா?" என்றான்.

அப்பா டேங்கரைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். ஒரு டேங்கர் என்ன விலை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"கெணத்துத் தண்ணியே உடு" என்றார். "குடிக்கவா போவுது."

பையன் மோட்டார் சுவிட்சைப் போடப் போனான்.